நெடுவழிக் குதிரையும் அதன் சேணமும்

சென்ற சில திங்களாக நம் பகுதிக்கு வரும் மடல்களிடையே குதிரையின் குளம்படி கேட்கத் தொடங்கியிருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாயார் எழுதுகிறார்: "பிள்ளை ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்க் குதிரை வாங்கி வந்துவிட்டான். வருகிற தை மாதம் அதன்மேல் ஏறிப் பழனிவரை போகப் போகிறானாம். அதற்கு என்னென்ன வாங்கித் தர வேண்டும் என்று சொல்லுங்கள்." அவ்வூரிலிருந்தே சென்று ஷார்ஜாவில் வாழும் அன்பர் ஒருவர், தம்பிக்கு ஒரு நல்ல சேணம் அனுப்ப எண்ணுவதாகவும், எது சிறந்தது என்று தெரிவிக்குமாறும் கேட்டிருக்கிறார். வேறு இருவர் லாடத்தைப் பற்றியும் கடிவாளத்தைப் பற்றியும் வினவியுள்ளனர். தனித்தனியே விடை எழுதுவதினும் எல்லார்க்கும் பொதுவாக இங்கு எழுதுவதே நன்றெனக் கொண்டோம்.

நம் சித்தூர் வட்டத்தில் குதிரை புதுமையன்று. ஐதர் அலி 1766-இல் பாலக்காட்டில் கோட்டை எழுப்பியது, கொங்கு நாட்டுக்கும் மலையாளக் கரைக்கும் இடையே உள்ள இக்கணவாயைக் காப்பதற்கே. அந்நாளில் இவ்வழியே சென்ற குதிரைப்படைகளுக்குப் புல்லும் கொள்ளும் அளித்த ஊர்கள் நம்முடையன. தத்தமங்கலத்து அங்காடி வேலாவில் குதிரையோட்டம் இன்றும் நம்மவர் அறிந்தது. 2021 ஏப்ரலில் கொரோனாத் தடை இருந்த நேரத்திலும் அதனை நடத்தியதால் காவல்துறை வழக்குப் பதிந்ததும் பலர்க்கு நினைவிருக்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாவும் நமக்கு உறவுடையதே. ஆனால் இவையெல்லாம் சில நிமிடத்துக் காரியங்கள். குதிரை மூச்சைப் பிடித்து ஓடும், நிற்கும், அவ்வளவே. தொண்ணூறு கிலோமீட்டர் தூரம் ஒருவரைச் சுமந்து செல்வது முற்றிலும் வேறான தொழில். குறுவழியில் குதிரை பொறுத்துக் கொள்ளும் பிழை, நெடுவழியில் அதன் முதுகைப் புண்ணாக்கும். சில வேளை உயிரையும் வாங்கும்.

நெடுவழிக் குதிரையேற்றம் இன்று உலகில் ஒரு தனி விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் 1955-இல் வெண்டல் ரோபி என்பார் சில தோழருடன், 100 மைல் மலைவழியை ஒரே நாளில் குதிரையால் கடக்க முடியும் என்று காட்டப் புறப்பட்டார். டெவிஸ் கோப்பை எனப்படும் அப்போட்டி அன்று தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் டாம் குவில்ட்டி கோப்பை 1966-இல் தோன்றியது. இப்போட்டிகளுக்கெல்லாம் ஒரு பொது இலக்கணம் உண்டு. வழியைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். அதன் இதயத் துடிப்பு, குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64-க்குக் கீழே இறங்காவிட்டாலும், அது நொண்டினாலும், முதுகு தொட்டால் சுருங்கினாலும், ஏறியவர் எவ்வளவு முன்னே வந்திருப்பினும் வெளியே நிற்க வேண்டியதுதான். முதலில் வந்தும் குதிரை தேறாமையால் பரிசிழந்தவர் பலர்.

நம் பக்கத்து மாவட்டமாகிய மலப்புறத்துத் திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் என்னும் மங்கை, 2023-இல் பிரான்சு நாட்டில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை முடித்த முதல் இந்தியர் என்னும் பெயர் பெற்றார். மறு ஆண்டே பெரியவர்க்கான போட்டியில் 160 கிலோமீட்டரையும் முடித்தார். அச்செய்தி வந்தபின்தான் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை முளைத்தது போலும். ஆசை குற்றமன்று. ஆனால் இவ்விளையாட்டுக்கு ஒரு கரும்பக்கமும் இருப்பதைச் சொல்லாமல் விடுதல் தகாது. குதிரைகளின் கால் ஒடிந்தும் களைத்தும் வீழ்ந்தமை பற்றிய புகார்கள் மிகுந்து, 2015-இல் உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐக்கிய அரபு நாட்டுச் சங்கத்தைச் சில திங்கள் விலக்கி வைத்தது. 2018-இல் அமெரிக்காவின் டிரையான் என்னுமிடத்தில் நடந்த உலகப் போட்டியில், வெப்பமும் காற்றின் ஈரமும் ஒருங்கே ஏறியமையால் நெடுவழிப் போட்டியை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். தேர்ந்த மருத்துவர் கூட்டம் சூழ நின்ற இடத்திலேயே அந்நிலை என்றால், பங்குனி வெயிலில் கோபாலபுரத்துச் சாலையில் தனியே செல்லும் குதிரையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பழங்கதை ஒன்றும் இங்கே பொருந்தும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை மிக்க விலைக்கு வாங்கினர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பேணும் முறை அறிந்த லாடக்காரர் இல்லாமையும், சோற்றையும் இறைச்சியையும் ஊட்டியமையும் காரணம் என்றார். விற்றவர்கள் லாடக்காரரை இங்கு வரவிடாமல் தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரை மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும்! திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் குதிரையின் வார்களையும் அணிகளையும் அத்துணை நுட்பமாகச் செதுக்கிய நாட்டில், உயிருள்ள குதிரை இவ்வாறு மாண்டது.

இனிப் பொருளுக்கு வருவோம். சந்தைக்குச் செல்லும் நம்மவர் குதிரையின் நெற்றிச் சுழியையும் கழுத்துச் சுழியையும் நெடுநேரம் ஆராய்கிறார்கள். முதுகை ஒருமுறை தடவிப் பார்ப்பவர் அரியர். சுழி எங்கிருப்பினும் அதன்மேல் சேணம் அமரப் போவதில்லை. பார்க்க வேண்டியது முதுகு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு உண்டு. அதனைத் தோள்மேடு என்போம். அதன் இருமருங்கும் தோள்பட்டை எலும்பு, குதிரை அடியெடுத்து வைக்குந்தோறும் முன்னும் பின்னுமாக வழுக்கி இயங்கும். குதிரைக்கு விலா எலும்பு 18 இணை. தோள்பட்டைக்குப் பின்னே தொடங்கிக் கடைசி விலாவுக்கு முன்னே முடியும் அந்தச் சிறிய இடமே சேணத்துக்கு உரியது. அதற்கப்பால் உள்ள இடுப்புப் பகுதி சுமை தாங்குவதற்கு அமைந்ததன்று. நடுவே ஓடும் முதுகெலும்பின்மேல் சேணம் எங்கும் படக்கூடாது. அதன் இருபக்கத்துச் சதைமேல் மட்டுமே எடை பரவி அமர வேண்டும்.

நல்ல சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கும். மரத்தாலோ நாராலோ ஆகியது அது. அச்சட்டத்தின் அகலம் குதிரையின் தோளுக்கு ஒத்திருக்க வேண்டும். குறுகியிருந்தால் இருபக்கமும் கிள்ளும். அகன்றிருந்தால் முன்பக்கம் தாழ்ந்து தோள்மேட்டின்மேல் உட்கார்ந்துவிடும். ஏறியவர் அமர்ந்தபின் முன் வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே மூன்று விரல் நுழைய இடமிருக்க வேண்டும். ஆளின்றிப் பார்ப்பதில் பயனில்லை. சேணம் எப்போதும் ஆளோடுதான் சரியும். பின்னே நின்று பார்த்தால் நடுவிலுள்ள கால்வாய் முழுநீளமும் வெளிச்சம் தெரியும்படி இருத்தல் நலம். நம் பக்கத்தில் திருமண ஊர்வலத்துக்கென்று பஞ்சு அடைத்து, மேலே சிவப்பு வெல்வெட் போர்த்தி விற்கும் சேணங்களில் இந்தக் கால்வாயே இருப்பதில்லை. அவை அரை மணி நேரத்து மாப்பிள்ளைக்கு உரியன. பழனி வழிக்கு அவற்றைக் கட்டுதல் ஆகவே ஆகாது.

பொருந்தியதா என்பதைக் குதிரையே எழுதிக் காட்டும். ஒரு மணி நேரம் ஏறி வந்து சேணத்தை மெல்லக் கழற்றிப் பாருங்கள். இருபக்கமும் ஒரே சீராக வியர்வை படிந்திருந்தால் நன்று. சுற்றிலும் ஈரமாயிருக்க, நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்து கிடந்தால், பெரும்பாலும் அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வைச் சுரப்பி அடங்கிவிட்டது என்று பொருள். சில திங்கள் கழித்து அதே இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். சந்தையில் குதிரை பார்க்கும்போது தோள்மேட்டின் அருகே வெள்ளைத் திட்டுக் கண்டால், அது பிறவி அழகு என்று தரகர் சொல்வார். பெரும்பாலும் அது பழைய சேணத்தின் கைநாட்டு. எல்லையோரத்து லாயம் ஒன்றில் நாம் கண்ட குதிரைக்கு, இரண்டு ரூபாய் நாணயம் அளவில் தொடங்கிய புண், விரிப்பை மடித்து மடித்து மேலே போட்டதனால் உள்ளங்கை அகலத்துக்கு அழுகிப் போயிருந்தது. வலித்த இடத்தில் தடித்த விரிப்பை வைத்தால் குறையும் என்று அவர்கள் எண்ணினார்கள். இறுகிய செருப்புக்குள் இரண்டாவது காலுறை போட்டதற்கு ஒப்பானது அது. அக்குதிரை ஆறு திங்கள் சுமையின்றி நின்றது.

ஷார்ஜா அன்பருக்கு நம் விடை இதுவே: தம்பியின்மேல் உள்ள அன்பால் கடையில் கண்ட சேணத்தை வாங்கி அனுப்பிவிடாதீர்கள். அங்கே விற்பன பெரும்பாலும் அரபுக் குதிரையின் உடலுக்கென்று அமைந்தவை. அரபுக் குதிரைக்கு முதுகு குட்டை, அகலம் மிகுதி, தோள்மேடு தாழ்வு. அந்தியூர்ச் சந்தைக்கு வருவன கத்தியவாரும் மார்வாரியும் அவற்றின் கலப்பும். அவற்றுள் பலவற்றுக்கு உடல் குறுகி, தோள்மேடு உயர்ந்திருக்கும். விலை எவ்வளவு உயர்ந்ததாயினும் அளவு மாறிய சேணம் அக்குதிரைக்குத் தண்டனையே.

தம்பி செய்ய வேண்டுவது எளிது. குதிரையைச் சமதளத்தில் நான்கு காலும் சதுரமாக நிற்கும்படி நிறுத்துக. வளைத்தால் வளைந்தபடி நிற்கும் தடித்த ஈயக் கம்பியோ, மின்வேலைக்காரர் பயன்படுத்தும் தடித்த செப்புக் கம்பியோ இரண்டடி எடுத்து, தோள்பட்டையின் பின் விளிம்புக்கு இரு விரல் பின்னே முதுகின் குறுக்காக வைத்து அழுத்தி, அவ்வடிவம் கெடாமல் தூக்கி, அட்டையின்மேல் வைத்து உட்புறமாகக் கோடு வரைக. அங்கிருந்து ஒரு சாண் பின்னே இன்னொரு கோடு. கடைசி விலாவின் நேரே மூன்றாவது கோடு. பின்பு தோள்மேட்டிலிருந்து இடுப்புவரை நீளவாக்கில் ஒன்று. நான்கையும் வெட்டி, எது முன், எது பின் என்று குறித்து, நாளும் எழுதி அனுப்பினால், சேணம் செய்வோர்க்கு அதைவிட நல்ல ஓலை வேறில்லை. அட்டைக்கு மூன்று திங்களே ஆயுள். உழைக்க உழைக்க முதுகுச் சதை மாறும். மழைக்காலம் முழுவதும் நின்று தின்ற குதிரை வேறு வடிவம் கொள்ளும். கான்பூர்ச் சேணத்தொழில் புவிசார் குறியீடு பெற்ற பெரிய தொழில். அங்கிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. அளவு அனுப்பிச் செய்வித்துக் கொள்ள நாடு கடக்க வேண்டுவதில்லை.

தோலா, செயற்கை நாரா என்றும் கேட்டிருக்கிறார்கள். நெடுவழிக்கென்று செய்யப்படுவன இரண்டிலும் உண்டு. தோல் உடலோடு இணங்கும். ஆனால் நம் பக்கத்து இடவப்பாதி மழையில் பத்து நாள் கவனிக்காவிட்டால் பச்சைப் பூஞ்சை பூத்து நிற்கும். செயற்கைச் சேணம் எடை குறைவு, நீரூற்றிக் கழுவலாம். சேணத்துக்கென்று தனி அறையும் வேலையாளும் இல்லாத வீட்டுக்கு அதுவே ஏற்றது என்பது நம் கருத்து. எடையைப் பற்றி ஒரு கணக்கு: ஏறுபவரும் சேணமும் மற்றப் பொருளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு எல்லாம் சேர்ந்து 70 கிலோ. பிள்ளை மட்டும் 75 கிலோ இருந்தால், வாங்க வேண்டியது சேணமன்று, வேறு குதிரை.

சேணத்தின் கீழே இடும் விரிப்பு வியர்வையை உறிஞ்ச வேண்டும், வழுக்கக் கூடாது, மடிப்பு விழக்கூடாது. ஆட்டு மயிரில் அழுத்திச் செய்த கம்பளியோ தடித்த பருத்தியோ நன்று. நைலான் விரிப்பு சூட்டை அடைத்து வைக்கும். விரித்தபின் தோள்மேட்டின்மேல் சற்றே தூக்கி விட்டால் காற்று நுழைய வழி பிறக்கும். துவைக்கும்போது சோப்பு எஞ்சாமல் பலமுறை அலச வேண்டும். வியர்வையோடு சோப்பு கலந்தால் தோல் எரிந்து கொப்புளிக்கும். வயிற்றுவார் அகலமாகவும் ஓரம் மென்மையாகவும் இருக்கட்டும். இறுக்கியபின் இரு விரல் நுழைய வேண்டும். பின்பு முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னே இழுத்துவிட்டால், வாருக்குள் சிக்கிய தோல் மடிப்பு விலகும். அரை நிமிட வேலை. முழங்கைக்குப் பின்னே புண்ணாகும் குதிரைகளில் பாதிக்கு இந்த அரை நிமிடம் கிடைக்காமையே காரணம் எனலாம். சமவெளி வழிக்கு மார்புவாரும் வால்வாரும் இன்றியமையாதன அல்ல. வால்பாறை போன்ற மலைவழி ஏறுவோர்க்கு வேண்டும்.

கடிவாளத்துக்கு வருவோம். முள்ளும் குமிழும் உள்ள வாயிரும்பைப் பெருமையாகக் காட்டி விற்பவர் இன்றும் உண்டு. 1965-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளின்படி முள் பொருந்திய கடிவாளம் தடை செய்யப்பட்டது என்பதை அவர்க்குச் சொல்லுங்கள். நெடுவழியில் குதிரை வழியெல்லாம் நீர் பருக வேண்டும், ஒரு பிடி புல் தின்ன வேண்டும். ஆதலின் மழமழப்பான, நடுவே ஒரு மூட்டுள்ள எளிய வாயிரும்பு போதும். பழகிய குதிரைக்கு வாயிரும்பே இல்லாத தலைக்கட்டும் போதும். அடக்க முடியாத குதிரைக்குக் கொடிய கடிவாளம் மருந்தன்று. அதற்கு இன்னும் ஆறு திங்கள் பயிற்சி வேண்டும். தலைக்கட்டோடு ஒரு கயிறும் சேர்ந்திருந்தால், இளைப்பாறுமிடத்தில் லகானைக் கொண்டு மரத்தில் கட்டும் தீய வழக்கம் ஒழியும். லகானால் கட்டிய குதிரை வெருண்டு இழுத்தால் வாய் கிழியும்.

அங்கவடி அகன்ற அடியுடையதாக இருத்தல் வேண்டும். குறுகியது இரண்டு மணி நேரத்தில் பாதத்தை மரக்கச் செய்யும். பாதம் முழுவதும் உள்ளே நுழைந்து சிக்காதபடி முன்னே கூண்டு வைத்தனவும் உண்டு. இது சிறு செய்தியன்று; விழுந்தவர் கால் அங்கவடியில் சிக்கிக் குதிரையால் இழுத்துச் செல்லப்படுவதே இத்தொழிலில் மிகக் கொடிய விபத்து. ஆகவே செருப்போடும், அடிமட்டமான ஓட்டக் காலணியோடும் ஏறலாகாது. சிறிது குதி உயர்ந்த காலணி வேண்டும். தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்று செய்ததாக இருக்கட்டும். தைப்பு உள்தொடையில் உரசும் முரட்டுக் கால்சட்டை வேண்டா. தேங்காய் லாரிகள் ஓடும் பொள்ளாச்சிச் சாலையில் விடியுமுன் செல்வோர், தம் மேலும் குதிரையின் கால்களிலும் ஒளி எதிரிடும் பட்டை கட்டாமல் இறங்குதல் அறியாமை.

குளம்பு இல்லையேல் குதிரை இல்லை என்று எல்லா நாட்டுக் குதிரைக்காரரும் சொல்வர். குளம்பு திங்களுக்குச் சற்றேறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மீண்டும் கட்ட வேண்டும். நம்மூரில் மாட்டுக்கு லாடம் கட்டுவோர் கைத்திறன் மிக்கவர். ஆயினும் பிளவுபட்ட மாட்டுக் குளம்பும் ஒற்றைக் குதிரைக் குளம்பும் வேறு. குளம்புக்கு ஏற்ப லாடத்தை வளைக்க வேண்டுமேயன்றி, லாடத்துக்கு ஏற்பக் குளம்பை அராவுதல் கூடாது. ஆணி உயிருள்ள சதையை அணுகியிருந்தால் இரண்டொரு நாளில் நொண்டலில் தெரியும். ஆகவே புறப்படும் நாளுக்கு முந்திய நாள் லாடம் கட்டாமல், ஏழெட்டு நாள் முன்னரே கட்டிவிடுக. வழியில் லாடம் கழன்றால் மாட்டுதற்கு ரப்பர்க் குளம்புறை ஒன்று கையில் இருக்கட்டும். நம் பக்கத்துக் கரிசல் மழைக்காலத்தில் குளம்புக்கடியில் அப்பிக் கல்லையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ளும். கொக்கிக்கம்பி ஒன்றால் அவ்வப்போது தோண்டி எடுக்க வேண்டும். பயிற்சிக்குத் தார்ச்சாலையைவிட மூலத்தறைக் கால்வாய்க் கரை போன்ற மண்வழி எவ்வளவோ மேல். தாரின்மேல் நடக்கலாம், நெடுநேரம் ஓட்டினால் மூட்டு கெடும்.

பணம் ஒரு பொருளுக்குத்தான் எஞ்சியிருக்கிறது என்றால் எதை வாங்குவது? தூரம் காட்டும் கைக்கடிகாரத்தைச் சொல்வார் இளைஞர். நாம் மருத்துவர் கழுத்தில் தொங்கும் இதயத்துடிப்புக் குழாயைச் சொல்வோம். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னே அதனை வைத்துக் கேளுங்கள். ஓய்ந்து நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிப்பு. உழைத்து நின்றபின் 15 நிமிடத்தில் 64-க்குக் கீழே வந்தால் மேலே செல்லலாம். வராவிட்டால் அன்றைய பயணம் அவ்விடத்திலேயே முடிந்தது. அதே குழாயை விலாவுக்குப் பின்னே வயிற்றில் வைத்தால் குடல் இரைச்சல் கேட்கும். கேளாவிட்டால் வயிற்றுவலி நெருங்குகிறது என்று கொள்க. ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தாலோ, பின்னங்கால் சதை கல்லாய் இறுகினாலோ, ஓரடியும் நடத்தாமல் மருத்துவரை அழையுங்கள். சதை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் அது. அதன்மேல் நடத்தினால் குதிரை பிழைப்பது அரிது.

வெப்பத்தில் உழைக்கும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்க்கும். அவ்வியர்வை நம்முடையதினும் உப்பு மிகுந்தது. ஆகவே நீரோடு உப்பும் போகிறது. நீர் பருகிய குதிரைக்கே உப்புக் கரைசல் கொடுக்க வேண்டும். வறண்ட வயிற்றில் உப்பை ஊட்டினால் உடம்பிலுள்ள நீரையும் அது குடலுக்கு இழுக்கும். மடித்து வைக்கத்தக்க கித்தான் வாளி ஒன்றும், பெரிய பஞ்சு ஒன்றும் சேணத்தில் தொங்கட்டும். வெந்த உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் சதை பிடித்துக் கொள்ளும் என்பது பழைய அச்சம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளுக்குப் பின் அவ்வச்சம் நீங்கியது. உடல் முழுதும் குளிர்ந்த நீரை மீண்டும் மீண்டும் ஊற்றுவதே உயிர் காக்கும் முறை என்பது தெளிவாயிற்று. முன் சொன்ன 1965 விதிகளில், வெப்பம் 37 டிகிரி செல்சியசை மிஞ்சும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை விலங்கைக் கொண்டு வண்டி இழுப்பிக்கவோ சுமை சுமப்பிக்கவோ கூடாது என்றும், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடையே ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்றும் உள்ளது. பாலக்காட்டுக் கோடை 40-ஐத் தொடுவது நாம் அறிந்ததே. கணவாய்க் காற்று வீசுகிறதே என்று ஏமாற வேண்டா.

ஆயத்தம் என்பது பொருளை வாங்குவதோடு முடிவதன்று. புதிய வார் எதனையும் பயணத்தன்று முதன்முதலாகக் கட்டக்கூடாது. எல்லாவற்றையும் பயிற்சியில் பலமுறை கட்டி, உரசும் இடம், தளரும் இடம் கண்டு திருத்திக் கொள்ள வேண்டும். வாரந்தோறும் தையலை இழுத்துப் பாருங்கள்; வார் மடிந்து கொளுவியில் நுழையும் இடமே முதலில் வெடிக்கும். தோலை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, அளவாக எண்ணெய் இடுக. வெயிலில் காயவைத்தால் அப்பளமாய் நொறுங்கும். மெழுகிட்ட நூலும் தடித்த ஊசியும், ஓர் அங்கவடி வாரும் உதிரியாக இருக்கட்டும். குதிரைக்கு ஐந்து வயது நிறைந்திருத்தல் வேண்டும். முதுகெலும்பு முற்றுவது எல்லா எலும்புக்கும் கடைசியில்தான். ஒரு குதிரையை 30 கிலோமீட்டருக்குப் பழக்கவே மூன்று நான்கு திங்கள் செல்லும். மூச்சு விரைவில் பழகிவிடும். நரம்பும் எலும்பும் பழகக் காலம் வேண்டும். மூச்சுப் பழகிய குதிரை துள்ளுவதைக் கண்டு, 'தேறிவிட்டது' என்று ஏமாறுபவர் பலர்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு காரியம் உண்டு. அந்தியூரில் வாங்கிக் கேரளத்துக்குக் கொணரும்போது கால்நடை மருத்துவர் சான்று கையில் இருக்க வேண்டும். குறிப்பாகக் கிளாண்டர்ஸ் என்னும் நோய் இல்லை என்று இரத்தச் சோதனையில் கண்டிருத்தல் நலம். அந்நோய் மனிதர்க்கும் தொற்றும். நோய் உறுதியான குதிரையைச் சட்டப்படி கொன்று புதைப்பதன்றி வேறு வழியில்லை. விலை பேசி முடிக்குமுன் சோதனை கேட்டால் தரகர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இனிக் கொழிஞ்சாம்பாறைத் தாயாருக்கு: அம்மா, தங்கள் பிள்ளை ஒரே நாளில் பழனி சேர வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். முதல் நாள் பொள்ளாச்சி, இரண்டாம் நாள் உடுமலை, மூன்றாம் நாள் பழனி. நாளொன்றுக்கு 25 முதல் 35 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் காவடிக் கூட்டமும் மேளமும் சாலை நிறைந்திருக்கும். வெருளும் குதிரைக்கு அது இடமன்று. பூசம் கழிந்து பத்து நாள் சென்றபின் போகட்டும். வீட்டார் ஒருவர் சிறு வண்டியில் வாளி, நீர், புல், ஊறவைத்த கொள்ளு இவற்றோடு முன்னே சென்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் காத்திருக்க வேண்டும். தங்குமிடத்தில் குதிரை நிற்க நிழலும் மணல் தரையும் உண்டா என்று முன்கூட்டியே பார்த்து வரச் சொல்லுங்கள். தாங்கள் வாங்கித் தர வேண்டியது, மேலே சொன்ன குழாய் ஒன்றும் தலைக்கவசம் ஒன்றும். சேணத்துக்கு அட்டை வெட்டி வரட்டும். மார்கழிக்குள் அது பொருந்தாவிட்டால் பயணம் அடுத்த ஆண்டுக்கு.

கொள்ளு எத்துணை, தவிடு எத்துணை, புல் எப்பொழுது என்னும் தீவனச் செய்திகளை அடுத்த இதழில் எழுதுவோம்.